ஒரே காலையில் மூன்று குரூசர்கள்: யு-9 நீர்மூழ்கி அதை எப்படிச் செய்தது?

உங்கள் கேள்வியைச் சுருக்கிச் சொன்னால் இப்படி வரும்: “1914இல் யு-9 என்ற சின்ன ஜெர்மன் நீர்மூழ்கி ஒன்று ஒன்றரை மணி நேரத்தில் குரூசர் எனப்படும் மூன்று பெரிய பிரிட்டிஷ் போர்க்கப்பல்களை மூழ்கடித்தது என்று படித்தேன். ஐந்நூறு டன் படகு பன்னிரண்டாயிரம் டன் கப்பல்கள் மூன்றை வீழ்த்தியது என்றால், அந்தக் காலத்திலேயே ஜெர்மனியிடம் அவ்வளவு உயர்ந்த தொழில்நுட்பம் இருந்ததா, இல்லை வெறும் அதிர்ஷ்டமா?” இதில் நீங்கள் உண்மையில் கேட்பது, அந்தக் காலையில் படகின் பங்கு எவ்வளவு, அதை ஓட்டியவர்களின் பங்கு எவ்வளவு, எதிராளியின் தவறு எவ்வளவு என்பதைத்தான். மூன்றையும் தனித்தனியாகப் பிரித்துப் பார்த்தால் பதில் கிடைத்துவிடும்.

நான் கடற்படையில் டீசல்-மின் நீர்மூழ்கிகளில் எலெக்ட்ரிகல் பிரிவில் பல வருடம் வேலை பார்த்தவன். பெரும்பாலும் விசாகப்பட்டினத்தில். நான் இருந்தவை சோவியத் தயாரிப்பு, யு-9ஐப் போல நான்கு மடங்கு பெரியவை. இடையில் அரை நூற்றாண்டு ஓடியிருந்தது. ஆனாலும் பேட்டரி, ட்ரிம் (எடைச் சமன்), பெரிஸ்கோப் (முங்கியபடியே மேலே பார்க்க உதவும் குழாய்), டார்பிடோ (நீருக்குள் தானே ஓடிப் போய் வெடிக்கும் குண்டு) வைக்கும் அறை என்று வேலையின் அடிப்படை மாறவில்லை, அதனால் இந்தப் படகின் கதையைப் படிக்கும்போது பல இடங்களில் என் கை தானாக ஒரு வால்வைத் தேடும். எனக்கு ஜெர்மன் தெரியாது. ஜெர்மன் தரப்புச் செய்திகளை ஆங்கில மொழிபெயர்ப்பில்தான் படித்திருக்கிறேன். அதை மனதில் வைத்துக்கொண்டு படியுங்கள்.

முதலில் படகு. யு-9 டான்சிக் நகரின் அரசுக் கப்பல் கட்டும் தளத்தில் கட்டப்பட்டு 1910இல் சேவைக்கு வந்தது. நீளம் 57 மீட்டர், அகலம் 6 மீட்டர். மிதக்கும்போது 493 டன், முங்கினால் 611 டன். முன்பக்கம் இரண்டு, பின்பக்கம் இரண்டு என நான்கு டார்பிடோ குழாய்கள். மொத்தம் ஆறு டார்பிடோக்கள்: நான்கு குழாய்களில் நான்கு, மாற்றாக இரண்டு. ஒவ்வொன்றும் 45 சென்டிமீட்டர் விட்டம், முக்கால் டன் எடை. நீர்ப்பரப்பில் மணிக்கு 14 கடல்மைல் ஓடும், நீருக்கடியில் 8. அந்த எட்டையும் ஒரு மணி நேரத்துக்கு மேல் பிடிக்க முடியாது, பேட்டரி காலியாகிவிடும். ஐந்து கடல்மைல் வேகத்தில் போனால் சுமார் 80 மைல் வரை முங்கியபடியே போகலாம். இந்த எட்டு என்ற எண்ணை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

உயர்ந்த தொழில்நுட்பம் என்கிறீர்கள். 1914இலேயே யு-9 பழைய மாடல்தான். ஜெர்மனியின் டீசல் நீர்மூழ்கிகள் யு-19இலிருந்து, அதாவது போருக்குச் சற்று முன்புதான் வந்தன. யு-9இல் இருந்தவை கேர்ட்டிங் நிறுவனத்தின் மண்ணெண்ணெய் எஞ்சின்கள். பெட்ரோல் எஞ்சின் வைத்த பிரிட்டிஷ் படகுகளில் ஆவி தேங்கி வெடி விபத்துகள் நடந்துகொண்டிருந்த காலம் அது. அதற்கு மண்ணெண்ணெய் மேல் என்று ஜெர்மானியர்கள் முடிவு செய்தார்கள். உள்ளே இருப்பவர்களின் உயிரை நினைத்தால் நியாயமான முடிவு. ஆனால் அதற்கு ஒரு விலை இருந்தது, புகை.

வீட்டில் பம்ப் ஸ்டவ் பற்றவைத்த அனுபவம் உள்ளவர்களுக்கு இது உடனே புரியும். பர்னர் சூடேறாமல் பம்ப் அடித்துவிட்டால் எரியாத மண்ணெண்ணெய் ஆவியாகி அடர்த்தியாக வெள்ளைப் புகை கிளம்பும், கண் எரியும், சமையலறை முழுக்க வாடை. கேர்ட்டிங் எஞ்சின் ஓடும்போதெல்லாம் அப்படித்தான் வெண்புகை கக்கியது. அதை வெளியேற்ற மேல்தளத்தில் ஒரு புகைக்குழாயை நட்டு வைப்பார்கள், முங்குவதற்கு முன் அதை இறக்கி மடக்க வேண்டும். பகலில் புகை பல மைல் தூரத்துக்குத் தெரியும், இரவில் குழாய் வாயில் தீப்பொறி தெரியும். ஒளிந்திருப்பதற்காகவே கட்டிய ஒரு கப்பல், தான் இருக்கும் இடத்தை வானத்தில் எழுதிக் காட்டிக்கொண்டே போகிறது. போதாததற்கு இந்த எஞ்சின் பின்னோக்கியும் சுற்றாது. பின்னால் போக மின்மோட்டாரைத்தான் நம்ப வேண்டும்.

உள்ளே வாழ்க்கை எப்படி இருந்தது என்பதற்கு நல்ல சாட்சி அதன் முதல் அதிகாரி யோஹானஸ் ஷ்பீஸ். அவருடைய படுக்கை எவ்வளவு குறுகல் என்றால் வலது பக்கம் ஒருக்களித்துத்தான் படுக்க முடியும். ஒரு புறம் சுவர், மறு புறம் துணி அலமாரி, நடுவில் செருகிக்கொண்டு அலையில் உருளாமல் பிடித்துக்கொள்ள வேண்டும். வெளியே குளிர்ந்த கடல், உள்ளே மூச்சுக்காற்றின் ஈரம், எஃகுச் சுவரில் நீர் கோத்துத் தூங்குபவர் முகத்தில் மழைத்துளி போல விழும். காலையில் எழுந்தால் மூக்கு அடைத்து, தலை கனத்திருக்கும். இதை நான் முழுதாக நம்புகிறேன். எங்கள் படகிலும் வியர்த்த சுவரும் எண்ணெய் வாடையும் ஊருக்கு வந்த பிறகும் சட்டையை விட்டுப் போகாது.

இனி என் துறைக்கு வருகிறேன். நீருக்கடியில் இந்தப் படகுக்கு உயிர் கொடுப்பவை ஈய-அமில பேட்டரிகள், நம் லாரி பேட்டரியின் பெரிய அண்ணன்கள். நாங்கள் பேட்டரிகள் இருக்கும் குழிக்குள் மண்டியிட்டு ஊர்ந்து போய் ஒவ்வொரு செல்லாக ஹைட்ரோமீட்டரை விட்டு அமிலத்தின் அடர்த்தியைக் குறித்துக்கொண்டு வருவோம். அந்தக் கண்ணாடிக் குழாயில் மிதவை எங்கே நிற்கிறதோ அதுதான் அன்றைக்கு நமக்குக் கடல் கொடுத்திருக்கும் ஆயுள். சார்ஜ் ஏற்றும்போது ஹைட்ரஜன் வரும், காற்றோட்டம் குறைந்தால் வெடிக்கும். செல்லுக்குள் கடல்நீர் புகுந்தால் குளோரின் வரும். பேட்டரி நிறைய இருந்தால்தான் தாக்கவும் முடியும், தப்பவும் முடியும். ஆகவே ஒரு நீர்மூழ்கிக் கேப்டன் எந்த நேரத்திலும் மனதில் ஓட்டிக்கொண்டிருக்கும் கணக்கு, இன்னும் எத்தனை ஆம்பியர் மிச்சம் என்பதுதான்.

அடுத்தது ட்ரிம், அதாவது படகை நீருக்குள் எடை சமன் செய்து நிறுத்துவது. தராசுத் தட்டு இரண்டும் சமமாக நிற்பதை நினைத்துக்கொள்ளுங்கள். முங்கிய படகு அவ்வளவு நுட்பமாகத்தான் நிற்கிறது. முன்னால் இருக்கும் முக்கால் டன் டார்பிடோ ஒன்று வெளியே போனால் மூக்கு சட்டென்று லேசாகி மேலே எழும். உடனே தொட்டிகளில் தண்ணீரை ஏற்றி ஈடுகட்ட வேண்டும். யு-9 போன்ற சின்னப் படகில் தண்ணீர் ஏறும் வேகம் போதாது. அப்போது கையில் வேலையில்லாத ஆட்களை முன்னாலும் பின்னாலும் ஓட விடுவார்கள். பத்துப் பேர் ஓடினால் முக்கால் டன் எடை இடம் மாறுகிறது. மனிதர்களே நகரும் எடைக்கல்.

இப்போது நான் மிக முக்கியம் என்று நினைக்கும் இடத்துக்கு வருகிறேன். 1914 ஜூலையில், போர் தொடங்க இரண்டு வாரம் இருக்கும்போது, யு-9 ஆட்கள் முங்கியிருக்கும்போதே மாற்று டார்பிடோவைக் குழாயில் ஏற்றிப் பழகினார்கள். இதுதான் உலகத்திலேயே முதல் தடவை என்று பல இடங்களில் எழுதியிருப்பார்கள். அந்த முதல் பட்டத்தை நான் வற்புறுத்த மாட்டேன், மற்ற நாட்டுக் கடற்படைகள் எதை முயன்றன என்பதையும் பார்த்தால்தான் அப்படிச் சொல்லலாம். ஆனால் அவர்கள் பழகியது உறுதி. அதைச் செய்தவர்களுக்கு என்ன பாடு என்பது எனக்குத் தெரியும். முன் அறையில் படுக்கைகளை மடித்து ஒதுக்கி, சங்கிலிக் கப்பியில் அந்த நீண்ட உருளையைத் தூக்கி, அங்குலம் அங்குலமாகக் குழாய்க்குள் தள்ள வேண்டும். முக்கால் டன் எடை முன்பக்கம் நகர நகரப் படகு தலை சாயும், ஆட்கள் அதற்கு எதிர்ப்பக்கம் போக வேண்டும். குழாயின் வெளிக்கதவு சரியாக மூடியிருக்கிறதா, உள்ளே இருந்த தண்ணீர் வடிந்துவிட்டதா என்று பார்க்காமல் உள்கதவைத் திறந்தால் கதை முடிந்தது. இந்த வேலையை வேகமாகச் செய்யக் கருவி உதவாது, கைப்பழக்கம்தான் உதவும்.

கேப்டன் ஓட்டோ வெடிகன் இந்தப் படகைப் போருக்கு முன்பிருந்தே ஓட்டி வந்தவர். போரின் முதல் வாரத்தில் ஜெர்மன் நீர்மூழ்கிகள் ஒரு கூட்டமாக வடகடலுக்குள் அனுப்பப்பட்டபோது யு-9 எஞ்சின் கோளாறால் பாதியிலேயே திரும்பிவிட்டது. அந்தப் பயணத்தில் போன யு-15ஐ பிர்மிங்ஹாம் என்ற பிரிட்டிஷ் குரூசர் மோதி உடைத்தது. யு-13 திரும்பவே இல்லை. அதாவது ஆகஸ்டில் இந்தப் படகுகளைப் பார்த்து யாரும் நடுங்கவில்லை. செப்டம்பர் 5இல் யு-21 பாத்ஃபைண்டர் என்ற சின்ன குரூசரை டார்பிடோவால் மூழ்கடித்தது. செப்டம்பர் 13இல் பிரிட்டிஷ் நீர்மூழ்கி ஈ-9, ஜெர்மன் ஹேலாவை மூழ்கடித்தது. இரண்டு தரப்புக்கும் எச்சரிக்கை மணி அடித்தாகிவிட்டது.

அபூக்கிர், ஹோக், கிரெஸ்ஸி என்ற மூன்று கப்பல்களும் 1900ஐ ஒட்டிக் கட்டப்பட்ட கவச குரூசர்கள். ஒவ்வொன்றும் 12,000 டன், சுமார் 750 பேர். டச்சுக் கரைக்கு அப்பால் பிராட் ஃபோர்ட்டீன்ஸ் என்று மாலுமிகள் சொல்லும் ஆழமில்லாத கடல் பகுதியில் காவல் சுற்றிக்கொண்டிருந்தன. பெரும்பாலும் ரிசர்வ் ஆட்கள்: குடும்பஸ்தர்கள், ஓய்வுக்குப் போய்த் திரும்ப அழைக்கப்பட்டவர்கள். கூடவே டார்ட்மத் கடற்படைப் பள்ளியிலிருந்து நேராக அனுப்பப்பட்ட பதினைந்து வயதுப் பையன்கள். கடற்படைக்குள்ளேயே இந்த அணிக்குத் தூண்டில் புழு என்ற பொருளில் ஒரு பட்டப்பெயர் இருந்தது. செப்டம்பர் 18இல், கடற்படை அமைச்சராக இருந்த சர்ச்சிலே, இந்தக் கப்பல்கள் அங்கே இருப்பதால் கிடைக்கும் பயனைவிட ஆபத்து அதிகம், விலக்கிவிட வேண்டும் என்று குறிப்பு எழுதினார். குறிப்பு கப்பல்வரை போய்ச் சேருவதற்கு முன் நான்கு நாள் ஓடிவிட்டது.

அந்த நான்கு நாளில் வானிலை கெட்டது. துணைக்கு இருக்க வேண்டிய டெஸ்ட்ராயர்கள், அதாவது வேகமான சிறு போர்க்கப்பல்கள், அலை தாங்காமல் ஹார்விச் துறைமுகத்துக்குத் திரும்பின. அட்மிரல் இருந்த யூரியாலஸ் கப்பல் நிலக்கரி ஏற்றப் போய்விட்டது. பொறுப்பு அபூக்கிரின் கேப்டன் ட்ரம்மண்ட் கைக்கு வந்தது. மூன்று கப்பல்களும் ஒன்றுக்கொன்று இரண்டு மைல் தள்ளி, பத்து கடல்மைல் வேகத்தில், வளைந்து நெளியாமல் நேர்கோட்டில் போய்க்கொண்டிருந்தன. அதே புயல் யு-9ஐயும் புரட்டிப் போட்டிருந்தது. கைரோ திசைகாட்டி தகராறு செய்ததால் வழி தவறி டச்சுக் கரைப் பக்கம் வந்துவிட்டார்கள். 21ஆம் தேதி இரவு கடல் அடியில் போய்த் தரையில் படுத்துக்கொண்டார்கள். அவர்களுக்குக் கிடைத்திருந்த உத்தரவு பெல்ஜியக் கரையில் இறங்கும் பிரிட்டிஷ் துருப்புக் கப்பல்களைத் தாக்குவது. இந்த மூன்று குரூசர்களைத் தேடி யாரும் அனுப்பவில்லை. அதிர்ஷ்டம் என்ற வார்த்தைக்கு இந்தக் கதையில் இடம் இருக்கிறது என்றால் அது இங்கேதான்.

22ஆம் தேதி விடியலில் மேலே வந்து எஞ்சினை ஓட்டி பேட்டரிக்குச் சார்ஜ் ஏற்றத் தொடங்கினார்கள். காவலில் ஷ்பீஸ் இருந்தார். தொடுவானில் பாய்மரக் கம்பங்களும் புகையும் தெரிந்தன. அவர் முதலில் செய்த காரியம் எஞ்சினை நிறுத்தியது. தன் வெண்புகையைத் தானே முதலில் அணைத்தார். இந்த ஒரு செயலைப் படித்தபோதுதான் இவர்கள் தங்கள் படகை உள்ளங்கை ரேகை போல அறிந்தவர்கள் என்று எனக்குத் தோன்றியது. அதன்பின் முங்கி, பெரிஸ்கோப்பைச் சில நொடிகள் மட்டும் தூக்கிப் பார்த்து, உடனே இறக்கி, மெதுவாக நெருங்கினார்கள். கப்பல்கள் பத்து கடல்மைல் வேகத்தில் போகின்றன, யு-9 முங்கினால் எட்டு. துரத்திப் பிடிக்க வழியே இல்லை. அவை வரும் பாதையில் போய் நின்று காத்திருக்கத்தான் முடியும். அவை நேர்கோட்டில் வந்ததால் அது முடிந்தது.

காலை 6.20 மணி அளவில் நடுவில் இருந்த அபூக்கிர் மேல் சுமார் 500 மீட்டரிலிருந்து ஒரே ஒரு டார்பிடோ. அது போய் அடித்தது. யு-9 உடனே 15 மீட்டர் ஆழத்துக்கு இறங்கி, காலியான குழாயில் மாற்று டார்பிடோவை ஏற்றத் தொடங்கியது. மேலே அபூக்கிரில் கேப்டன் ட்ரம்மண்ட், கண்ணிவெடியில் இடித்துவிட்டோம் என்று நினைத்து, மற்ற இரண்டு கப்பல்களையும் அருகில் வந்து ஆட்களைக் காப்பாற்றும்படி சைகை கொடுத்தார். அந்தக் காலத்துக் கவச குரூசர்களில் பக்கவாட்டில் நீளவாக்கில் நிலக்கரி அறைகள் இருக்கும். அவற்றில் ஒரு பக்கம் தண்ணீர் புகுந்தால் மறு பக்கத்துக்குப் பரவ வழியில்லை. கப்பல் ஒரே பக்கமாகச் சாய்ந்துகொண்டே போகும். அபூக்கிர் சுமார் அரை மணி நேரத்தில் கவிழ்ந்தது. பெரும்பாலான படகுகளை இறக்கவே முடியவில்லை.

ஹோக் நின்று படகுகளை இறக்கியது, மரச்சாமான்களையும் மேசைகளையும் கடலில் வீசியது. வெடிகன் பெரிஸ்கோப்பில் பார்த்தபோது நிற்கும் கப்பல் ஒன்று 300 மீட்டரில் இருந்தது. முன்குழாய்களில் இருந்த இரண்டு டார்பிடோக்களையும் ஒரே நேரத்தில் விட்டார். ஒன்றரை டன் எடை மூக்கிலிருந்து ஒரே மூச்சில் போனது, யு-9இன் முன்பக்கம் தண்ணீரைக் கிழித்துக்கொண்டு வெளியே வந்துவிட்டது. உள்ளே ஆட்கள் முன்னால் ஓடியிருப்பார்கள், ஒருவர் மேல் ஒருவர் விழுந்து ஓடியிருப்பார்கள். ஹோக்கின் பீரங்கிகள் சுடத் தொடங்கின. படகு மறுபடி முங்கிவிட்டது. இரண்டும் ஹோக்கை அடித்தன, பத்து நிமிடத்தில் அது கவிழத் தொடங்கியது. ட்ரிம் என்றால் என்ன என்று புதிதாகச் சேரும் பையன்களுக்கு விளக்க இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது. இலக்கை வீழ்த்திய அதே நொடியில் தன் உடலை முழுசாகக் காட்டிவிட்டது படகு.

இந்த நேரத்தில் கிரெஸ்ஸிக்கு எதிரி யார் என்று தெரிந்துவிட்டது. ஆனாலும் அது கடலில் மிதப்பவர்களை விட்டுப் போக மனமில்லாமல் அங்கேயே நின்றது. யு-9 பின்பக்கக் குழாய்களிலிருந்து இரண்டை விட்டது, ஒன்று அடித்தது, ஒன்று தவறியது. கிரெஸ்ஸி உடனே மூழ்கவில்லை. வெடிகன் கடைசி மாற்று டார்பிடோவை முன்குழாயில் ஏற்றச் சொல்லி, படகைத் திருப்பி, 7.30 மணி அளவில் அதையும் விட்டார். கிரெஸ்ஸி கவிழ்ந்து, சிறிது நேரம் அடிப்பாகத்தைக் காட்டி மிதந்து, 7.55க்கு மூழ்கியது. ஆறு டார்பிடோ, ஐந்து அடி. மாற்று டார்பிடோ இரண்டையும் முங்கியபடியே ஏற்றாமல் இருந்திருந்தால் முன்குழாய்களில் இரண்டுக்கு மேல் எதுவும் மிஞ்சியிருக்காது. ஜூலையில் பழகியது செப்டம்பரில் உதவியது. பேட்டரி ஏறக்குறைய காலி. மேலே வந்து டச்சுக் கரையை ஒட்டி வடக்கே நழுவி, மறுநாள் வீடு போய்ச் சேர்ந்தார்கள்.

கடலில் இருந்தவர்களைப் பற்றிச் சொல்லாமல் போகக் கூடாது. கிட் வைக்கம்-மஸ்கிரேவ் என்ற பதினைந்து வயது மிட்ஷிப்மேன் (பயிற்சி நிலை அதிகாரி) அபூக்கிரில் இருந்தார். அது மூழ்கும்போது நீந்தி ஹோக்குக்குப் போனார், ஏறுகிற நேரத்தில் ஹோக் அடிபட்டது. மறுபடி நீந்தி கிரெஸ்ஸியில் ஏறினார். சூடாக ஒரு குவளை கோகோ கொடுத்தார்கள், அது தீர்வதற்குள் கிரெஸ்ஸியும் அடிபட்டது. மிதந்த ஒரு மரத்துண்டைப் பிடித்துக்கொண்டு கிடந்தவரை டச்சு மீன்பிடிப் படகு ஒன்று எடுத்துக்கொண்டது. அவர் பிழைத்தார், நீண்ட காலம் வாழ்ந்தார். ஃப்ளோரா, டைட்டன் என்ற டச்சுக் கப்பல்களும் பிரிட்டிஷ் மீன்பிடிப் படகுகளும், பின்னால் வந்த டெஸ்ட்ராயர்களும் சேர்ந்து 837 பேரைக் காப்பாற்றின. இறந்தவர்கள் 1,459 பேர். நீர்மூழ்கியில் இருந்தவன் என்ற முறையில் யு-9இன் திறமையை நான் வியக்கிறேன், ஆனால் இந்த எண்ணைத் தாண்டி அந்த வியப்பு எனக்குப் போவதில்லை.

எது உறுதி, எது சந்தேகம் என்று இப்போது பிரிக்கிறேன். எத்தனை டார்பிடோ, எந்த வரிசை, எத்தனை பேர் இறந்தார்கள் என்பவை இரு தரப்புக் குறிப்புகளிலும் பொருந்தி வருகின்றன, உறுதியாக எடுத்துக்கொள்ளலாம். ஐந்தாறு நீர்மூழ்கிகள் சேர்ந்து தாக்கின என்று அப்போதைய செய்தித்தாள்கள் எழுதியது தவறு. ஒரே படகுதான். கிரெஸ்ஸி ஒரு நீர்மூழ்கியைச் சுட்டு மூழ்கடித்தது என்று அதன் ஆட்கள் ஆரவாரம் செய்தார்கள். யு-9 காயமில்லாமல் திரும்பியது, அங்கே வேறு படகு இல்லை, ஆகவே சுட்டது ஏதோ மிதக்கும் மரத்தையாக இருக்க வேண்டும். ஹோக் சுட்ட குண்டு ஏதாவது யு-9ஐத் தொட்டதா என்றால் அதற்கும் ஆதாரம் இல்லை. வெடிகன் பெயரில் அப்போது பத்திரிகைகளில் வந்த விவரணையைக் கவனமாகப் படியுங்கள். போர்க்காலத்தில் மக்களுக்காகச் சீவிச் சிங்காரித்த எழுத்து அது, ஷ்பீஸ் பின்னாளில் சொன்னவற்றில்தான் படகுக்குள் இருந்த வாடை வருகிறது. மணி நேரங்களில் முரண்பாடு தெரிந்தால் குழம்ப வேண்டாம். ஜெர்மன் கடிகாரம் பிரிட்டிஷ் கடிகாரத்தைவிட ஒரு மணி நேரம் முன்னால் ஓடியது, பல கட்டுரைகளில் இரண்டையும் கலந்துவிடுகிறார்கள். அபூக்கிர் மூழ்க 25 நிமிடமா 35 நிமிடமா என்ற வேறுபாடு இன்னொரு வகை. தண்ணீரில் நீந்திக்கொண்டிருப்பவர் கடிகாரம் பார்ப்பதில்லை.

சரி, என் தீர்ப்பு என்னவென்று கேட்டால்: முதல் கப்பல் யு-9இன் திறமைக்குக் கிடைத்தது. இரண்டாவதும் மூன்றாவதும் பெரும்பங்கு எதிராளி கொடுத்தது. எட்டு கடல்மைல் படகிடமிருந்து தப்ப, பத்து கடல்மைல் கப்பல் ஓடிப்போனாலே போதும். அவை ஓடாமல் நின்றன. ட்ரம்மண்டை முட்டாள் என்று சொல்லிவிட எனக்கு மனம் வரவில்லை. அன்றுவரை கப்பல்காரன் கற்ற அறம், மூழ்குபவனிடம் திரும்பிப் போ என்பதுதான். நீருக்கடியில் இருப்பவனைக் கேட்கவோ தாக்கவோ அன்று கருவி கிடையாது. ஒலிகேட்கும் கருவியும் ஆழ்கடல் குண்டும் நடைமுறைக்கு வந்தது பிற்பாடு. மோதுவது, பெரிஸ்கோப்பைச் சுடுவது, இவை இரண்டுதான் கையில் இருந்தன. இந்தச் சம்பவத்துக்குப் பிறகுதான் பெரிய கப்பல்கள் அடிபட்ட கப்பலுக்காக நிற்கக் கூடாது என்று பிரிட்டிஷ் கடற்படை உத்தரவு போட்டது. அதே சமயம் படகில் இருந்தவர்கள் மட்டமாக இருந்திருந்தால் எதிராளி எவ்வளவு தவறு செய்திருந்தாலும் ஒன்றும் நடந்திருக்காது. புகை விடும் எஞ்சின், சீக்கிரம் தீரும் பேட்டரி, டார்பிடோ விட்டால் துள்ளி எழும் மூக்கு. இந்த மூன்று குறைகளையும் தெரிந்து ஒவ்வொன்றுக்கும் பழக்கத்தால் ஒரு மாற்று வைத்திருந்தார்கள்.

அக்டோபர் 15இல் இதே படகு ஸ்காட்லாந்தின் அபர்டீனுக்கு அப்பால் ஹாக் என்ற பழைய குரூசரை ஒரே டார்பிடோவில் மூழ்கடித்தது. சில நிமிடங்களில் முடிந்துவிட்டது, ஐந்நூறு பேருக்கு மேல் இறந்தார்கள். 1911இல் டைட்டானிக்கின் மூத்த சகோதரியான ஒலிம்பிக்கோடு மோதிய அதே ஹாக்தான். அதுவும் கடிதப் பை வாங்க நின்று, பிறகு நேர்கோட்டில் திரும்பிக்கொண்டிருந்தபோது அடிபட்டது. அதன்பின் பிரிட்டிஷ் பெரும்படை ஸ்காட்லாந்தின் வடக்கே இருந்த தன் தளமான ஸ்கேப்பா ஃப்ளோவை விட்டு அயர்லாந்தின் வடகரைக்கே ஒதுங்கியது. படகு மூழ்கடித்த இந்த நான்கு குரூசர்களும் பழையவை, அவை போனதால் பிரிட்டனின் வலிமை குறையவில்லை. ஆனால் உலகின் மிகப் பெரிய கடற்படை தன் சொந்தத் துறைமுகத்தில் தூங்க முடியாமல் போனது. யு-9 சாதித்ததில் பெரியது எது என்றால் நான் அதைத்தான் சொல்வேன்.

நம் ஊர்க்காரர்களுக்கு ஒரு செய்தி. ஜெர்மன் பேரரசர் இரும்புச் சிலுவை விருதை ஆட்களுக்கு மட்டுமில்லாமல் கப்பலுக்கே கொடுத்தது இரண்டு முறைதான். ஒன்று யு-9, மற்றது எம்டன் என்ற ஜெர்மன் குரூசர். அந்த எம்டன் சென்னைத் துறைமுகத்துக்கு வந்து பர்மா எண்ணெய்க் கம்பெனியின் தொட்டிகளைச் சுட்டு எரித்த இரவு 1914 செப்டம்பர் 22. அதே நாள்தான். பிராட் ஃபோர்ட்டீன்ஸில் அபூக்கிர் அடிபட்டபோது சென்னையில் மதியம் நெருங்கிக்கொண்டிருந்தது. அன்றிரவு ஒன்பதரை மணிக்கு மேல் எம்டனின் குண்டுகள் விழுந்தன. ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத இரண்டு கப்பல்கள், திட்டமிட்டுச் சேர்ந்த நாளும் இல்லை. எம்டன் நம் பேச்சில் ஒரு சொல்லாகவே தங்கிவிட்டது, யு-9 நம் காதுக்கு எட்டவில்லை.

வெடிகன் அடுத்து யு-29 என்ற புதிய படகுக்கு மாற்றப்பட்டார். 1915 மார்ச் 18இல் ஸ்காட்லாந்துக்கு வடக்கே ஒரு டார்பிடோ விட்ட பிறகு, ட்ரெட்நாட் என்ற பெரும் போர்க்கப்பல் அதை நேராக மோதியது. மோதலில் படகின் மூக்கு தண்ணீருக்கு மேல் தூக்க, அதில் எழுதியிருந்த எண் தெரிந்ததாம். உள்ளே இருந்த ஒருவரும் பிழைக்கவில்லை. ட்ரெட்நாட் தன் வாழ்நாளில் மூழ்கடித்த ஒரே கப்பல் அது. யு-9ஐ ஷ்பீஸ் எடுத்து நடத்தினார், பால்டிக் கடலில் சிறிது காலம், 1916இலிருந்து பயிற்சிப் படகு. போர் முடிந்ததும் 1918 நவம்பரில் பிரிட்டனிடம் ஒப்படைத்து, மறு வருடம் மோர்கம் என்ற ஊரில் உடைத்துப் போட்டார்கள். ஜெர்மன் கடற்படையின் முதல் நீர்மூழ்கியான யு-1ஐ மட்டும் மியூனிக் அருங்காட்சியகத்தில் பக்கவாட்டில் வெட்டித் திறந்து வைத்திருக்கிறார்கள், கேர்ட்டிங் எஞ்சின் காலத்துப் படகின் உள்வயிறு எப்படி இருந்தது என்று அதில் பார்க்கலாம். அவ்வளவு தூரம் போக முடியாதவர்கள் விசாகப்பட்டினம் கடற்கரையில் அருங்காட்சியகமாக நிற்கும் குர்சுரா என்ற பழைய இந்திய நீர்மூழ்கிக்குள் போங்கள். முன்பக்க டார்பிடோ அறையில் தாங்கிகளுக்கும் குழாய் வாய்க்கும் இடையில் நின்று கையை விரித்துப் பாருங்கள். யு-9இன் முழு நீளமும் அந்தப் படகில் மூன்றில் இரண்டு பங்குகூட வராது. அந்தச் சின்ன வயிற்றுக்குள், மேலே ஒரு கப்பல் கவிழ்ந்துகொண்டிருக்கும்போது, ஏழெட்டுப் பேர் சங்கிலியைப் பிடித்து அடுத்த டார்பிடோவைத் தூக்கினார்கள்.